ரேடியோ பழுதுபார்த்தவர் செய்த கிட்டார்

என் டெலிகாஸ்டர் கிட்டாரைக் காணும் நண்பர்கள், "லெஸ் பால் வாங்கியிருக்கலாமே, ஐயா?" எனக் கேட்பதுண்டு. விடை வரலாற்றில் உள்ளது.

உட்குழிவான கிட்டாரின் ஒலியை மின்கருவியால் மிகவும் பெருக்கினால், ஒலிபெருக்கியின் அதிர்வு மீண்டும் அதன் உடலுக்குள் புகுந்து ஊளையிடும். கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்த்து வந்த லியோ பெண்டர், கெட்டியான பலகையையே உடலாக்கி, 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்னரும் சிலர் முயன்றனர். தொழிற்சாலையில் பெருமளவில் செய்து வெற்றி கண்டவர் இவரே. கழுத்தை அவர் ஒட்டவில்லை. நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கெட்டால் கழற்றி மாற்றலாம். பழுதுபார்ப்பவரின் புத்தி அது! வியப்பு என்னவெனில், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது.

'பிராட்காஸ்டர்' என்ற பெயரைத் தன் முரசுகளுக்கு முன்பே சூட்டியிருந்த கிரெட்ச் நிறுவனம் மறுப்புத் தெரிவிக்கவே, 1951இல் அச்சொல்லை மட்டும் வெட்டியெறிந்து, சில மாதங்கள் பெயரின்றியே விற்றனர். பிறகே டெலிகாஸ்டர் ஆயிற்று.

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் 1952இல் வந்தது. அதன் ஒலி செழுமையானது, மறுக்கமாட்டேன். ஆனால் அதன் கழுத்து ஒட்டப்பட்டது. முறிந்தால் கைதேர்ந்தவரைத் தேட வேண்டும்.

நான் வாங்கிய பழைய டெலிகாஸ்டரின் கழுத்து வளைந்திருந்தது. அதனால்தான் விலை என் சம்பளத்துக்குள் அடங்கியது. வேறொரு கழுத்தை வாங்கி, சமையலறை மேசையில் வைத்து, ஒரு திருப்புளியால் நானே மாற்றினேன்.