தோட்டத்து கேட்டும் காரியோட ரேஸ் காரும்: பழைய வண்டியை இறுக்கும் முன்னாடி

ஈரோட்டில் இருந்து பேசுறேன். இந்த எபிசோடுக்குக் காரணம், நம்ம பக்கத்துப் பசங்க அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விதான். "கையில ஒரு பழைய எஸ்டீம் இருக்குங்க. திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினா, பாடியே நெளியுற மாதிரி தெரியுது. ஸ்ட்ரட் பார் போடுறதா, ரோல் கேஜ் போடுறதா?"

எதை வாங்கலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்க்கலாம். ஏன்னா இந்தக் கேள்விக்கான பதிலை நம்ம கோயமுத்தூர்ல ஒருத்தர் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே இரும்புக் குழாயில கட்டிக் காட்டிட்டார். அவர் பேர் எஸ். கரிவர்தன். ரேஸ் உலகத்துல எல்லாரும் சுருக்கமா 'காரி'ன்னு கூப்பிடுவாங்க.

அந்தக் காலத்து நிலைமை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். தமிழ்நாட்டில் கார் ரேஸ்னா சென்னைக்கு வடக்கே சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1950-களில் இருந்து அங்கே வண்டி ஓட்டினாங்க. கோவையில லேத், ஃபவுண்டரி, மில் மெஷின்னு கை பழகின ஊர்க்காரங்களும் ஃபியட்டைப் பிரிச்சு மேய்ஞ்சு, அங்கே கொண்டுபோய் ஓட்டினாங்க. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்கணும்னா பெரிய பணமும் வேணும், இறக்குமதி அனுமதியும் வேணும். அதனால இளைஞர்களுக்கு ஒற்றை இருக்கை ரேஸ் கார்ங்கிறது எட்டாக்கனி.

காரி இதை உடைச்சார். 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கின ஃபார்முலா மாருதி காரில் இருந்த இன்ஜின், ரோட்ல ஓடுற மாருதி 800-ஓடது. மூணு சிலிண்டர், 796 சிசி. ரோட்டு வண்டியில அது கொடுத்தது 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. அதை வெச்சு எப்படி ரேஸ் ஓட்டுறது? எடையைக் குறைக்கணும், சேசிஸ் முறுக்காம நிக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். அதுக்கு அவர் எடுத்தது இரும்புக் குழாய்களைச் சேர்த்து வெல்டிங் பண்ணின கூண்டுச் சட்டம்.

இதோட ரகசியம் உங்க தோட்டத்து கேட்டுலயே இருக்கு. நாலு பக்கமும் சட்டம் வெச்சு ஒரு கேட் செஞ்சு மாட்டுங்க. ஒரு வருஷத்துல தொங்கிடும். அதே கேட்டுல மூலைக்கு மூலை குறுக்கா ஒரே ஒரு கம்பியை வெச்சுப் பத்த வெச்சா தொங்காது. நாலு மூலைச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. ஓட்டு வீட்டுக் கூரையிலயும் இதே கணக்குதான். கூண்டுச் சட்டம்ங்கிறது முக்கோணங்களை முப்பரிமாணத்துல அடுக்கினது, அவ்வளவுதான். இரும்பு எவ்வளவு போட்டோம்ங்கிறதை விட, எங்கே போட்டோம்ங்கிறதுதான் முக்கியம்.

உலக அளவுலயும் கதை இதேதான். 1962-ல லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், குழாய்ச் சட்டத்தை விட்டுட்டு, மெல்லிய அலுமினியத் தகடுகளால் மூடின பெட்டி மாதிரி லோட்டஸ் 25-ஐக் கட்டினார். முந்தைய சட்டத்தை விட சுமார் மூணு மடங்கு விறைப்பு, எடை ஏறக்குறைய பாதி. அடுத்த வருஷமே அந்தக் காரில் ஜிம் கிளார்க் உலகச் சாம்பியன் ஆனார். மூடின பெட்டி முறுக்காது. செருப்பு டப்பாவை மூடியோட திருகிப் பாருங்க, அப்புறம் மூடியை எடுத்துட்டுத் திருகிப் பாருங்க. புரிஞ்சிடும்.

இப்போ உங்க எஸ்டீமுக்கு வர்றேன். 1994-ல வந்த வண்டி. எடை 900 கிலோவுக்கும் கீழ, பிற்பாடு வந்த 16 வால்வு மாடல்ல 85 குதிரைத்திறன். அதனாலதான் இந்திய ராலிகளில் ரொம்ப வருஷம் அது ராஜாவா இருந்தது. லாரி மாதிரி அதுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தகடுகளை மடிச்சு ஸ்பாட் வெல்டிங் பண்ணின மூடின பெட்டிதான் அதோட சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடுற ரன்னிங் போர்டு ஒரு மூடின குழாய். முறுக்கலைத் தாங்குறதுல அதுக்குப் பெரிய பங்கு.

ஒரு பிவிசி குழாயை எடுத்துத் திருகிப் பாருங்க, லேசில் திரும்பாது. அதையே நீளவாக்குல ஒரு கீறல் போட்டுப் பிளந்துட்டுத் திருகுங்க. துணி மாதிரி திரும்பும். குறைஞ்சது ஒரு கீறல் அளவு பிளாஸ்டிக்தான், ஆனா போனது கிட்டத்தட்ட முழு விறைப்பும். ரன்னிங் போர்டுல துரு தின்ன ஓட்டையும் மடிப்பு ஓரத்துல விட்டுப்போன வெல்டிங்கும் அந்தக் கீறல் மாதிரிதான். பழைய வண்டியில அதைப் பட்டி வெச்சு, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. அதுக்கு மேல பளபளன்னு ஸ்ட்ரட் பார் மாட்டுறது, சாய்ஞ்ச சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதை.

அதனால என் வரிசை இதுதான். முதல் காசு டிங்கரிங் பட்டறைக்கு. கார்பெட்டைத் தூக்கி, தரையையும் ரன்னிங் போர்டையும் பார்த்து, துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். ரெண்டாவது காசு சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், இன்ஜின் மவுண்ட், நல்ல டயர். 'பாடி நெளியுது'ன்னு நாம சொல்றதுல நிறைய, தேய்ஞ்ச புஷ்ஷோட வேலை.

மூணாவதுதான் ஸ்ட்ரட் பார். பானட்டுக்குள்ளே சாக் அப்சார்பர் மேல்முனை உட்காருற ரெண்டு டவரையும் இது இணைக்கும். திருப்பத்துல டவர்கள் உள்ளே வெளியே அசையுறதைக் குறைக்கும், ஸ்டீயரிங் கொஞ்சம் சுருக்குன்னு பேசும். ஆனா முழு வண்டியும் முறுக்குறதை இது பெருசா தடுக்காது. ரெண்டு முனையிலயும் கீல் மாதிரி போல்ட் இருக்கிற பார் வாங்காதீங்க. போல்ட் அசையுற இடத்துல விறைப்பு எங்கிருந்து வரும்?

நாலாவது, தகடு மடிப்புகளில் விட்டு விட்டு வெல்டிங் வைக்கிறது. ராலிக்காரங்க பண்ணுவாங்க. பலன் நிஜம். ஆனா தொடர்ச்சியா ஓட்டினா சூட்டுல தகடு கோணும், திரும்ப எடுக்கவும் முடியாது.

ரோல் கேஜை இந்த வரிசையில நான் சேர்க்கலை. ராலியில அது உயிர் காக்கும். ஏன்னா அங்கே தலையில ஹெல்மெட் இருக்கும், உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ரேஸ் பெல்ட் இருக்கும். சந்தைக்குப் போற வண்டியில அதே இரும்புக் குழாய் வெறும் தலைக்குப் பக்கத்துல நிக்கும். சின்ன மோதல்லயே மண்டை உடையலாம். சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்துறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. ராலிதான் ஓட்டப் போறீங்கன்னா, அதுக்குன்னே ஒரு வண்டி வெச்சுக்கங்க.

"எல்லாத்தையும் இறுக்கிட்டா நல்லதுதானே?"ன்னு கேட்டா, நம்ம பக்கத்துல திருச்செங்கோடு, நாமக்கல் போய் லாரி பாடி கட்டுற பட்டறையைப் பாருங்க. ஏணி மாதிரி இருக்கிற லாரி சேசிஸ் மேல பாடியை வெல்டிங் பண்ணி ஒட்டிட மாட்டாங்க. யூ போல்ட் போட்டுக் கட்டுவாங்க. மேடு பள்ளத்துல அந்தச் சட்டம் கொஞ்சம் முறுக்கித்தான் ஆகணும். முறுக்க விடாம ஒரு இடத்துல பூட்டினா, பூட்டின இடத்துக்குப் பக்கத்துலயே விரிசல் விடும். காரிலும் அப்படித்தான். ஒரு மூலையை மட்டும் இறுக்கினா, பாரம் அடுத்த பலவீனமான மூலைக்குப் போகும்.

காரி 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். ஆனா அவர் கட்டின காரில் பழகினவங்களில் ஒருத்தர்தான் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ல இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர். 2003-ல செட்டிபாளையத்துல திறந்த சுமார் 2.1 கி.மீ. ரேஸ் டிராக்குக்கு காரி பேரைத்தான் வெச்சாங்க. வேகமா ஓட்டிப் பார்க்கணும்னா இடம் அதுதான், திம்பம் இல்லைங்க. அங்கே எதிர்ல கரும்பு லாரி வரும்.

ஞாயித்துக்கிழமை ஒரு சோதனை பண்ணுங்க. சமதரையில நிறுத்தி, ஒரு பக்கத்துப் பின் ஜாக்கி பாயிண்ட்ல மட்டும் தூக்குங்க. வண்டிக்குக் கீழே யாரும் போகக்கூடாது. இப்போ அந்தப் பக்கத்துக் கதவுகளை மெதுவா திறந்து மூடுங்க. முன்னாடி மாதிரியே 'டப்'புன்னு மூடினா பாடி உயிரோட இருக்கு, புஷ் வாங்கப் போகலாம். இடிச்சாலோ இழுத்துப் பிடிச்சாலோ, நேரா டிங்கரிங் பட்டறைக்கு விடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டுங்களா!