தேசிய உதைபந்தாட்ட அணிகளின் தரவரிசை
தேசிய அணிகளின் பலத்தை ஒப்பிட ஃபிஃபா 1992 முதல் தரவரிசை வெளியிடுகிறது. 2018இல் வந்த இன்றைய முறை, எதிரணி எவ்வளவு பலமானது என்று பார்த்தே புள்ளி தரும். 600 புள்ளி முன்னிற்கும் அணி, வழக்கமான சிநேகபூர்வப் போட்டியில் வென்றால் ஏறத்தாழ 0.9 புள்ளிதான் கூடும், தோற்றால் 9.1 போய்விடும். 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த இலங்கை, 2022இல் 207ஆம் இடத்தில் கிடந்தது. அரிப்பு, பேசாலை என மன்னார்க் கரையில் உதைபந்துக்கு உள்ள மவுசை இந்த எண்ணில் தேடிப் பயனில்லை. ஐஸ் ஹாக்கியில் கணக்கு வேறு: உலகச் சம்பியன்ஷிப், ஒலிம்பிக் போன்றவற்றில் பெற்ற இடத்துக்கே புள்ளி, அதுவும் ஆண்டுக்குக் கால்பங்கு குறைந்து நான்காண்டில் கழிந்துவிடும்.