அயனித் திரவங்களில் பாகுத்தன்மைக் கட்டுப்பாடு

அயனித் திரவங்கள் என்பவை 100 °செ-க்குக் கீழ் உருகிய நிலையில் இருக்கும் உப்புகள். எளிதில் ஆவியாகாததால், ஆலைப் புகையிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிரித்தெடுக்க ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. இவற்றின் பெருங்குறை பாகுத்தன்மை. நீரின் பாகுத்தன்மை 25 °செ-இல் சுமார் 0.9 மில்லிபாஸ்கல்-நொடி, பல அயனித் திரவங்களுக்கு அது நூறைத் தாண்டும். பாகுத்தன்மை கூடினால் வாயு உட்பரவும் வேகம் குறையும், இறைக்கும் செலவு ஏறும்.

காரணம்: 2002-இல் அறிமுகமான, கார்பன் டைஆக்சைடோடு வினைபுரியும் அமீன் தொகுதியுள்ள அயனித் திரவ வகை, வாயுவை ஏற்றதும் கூழ்போல் இறுகுகிறது. வினைவிளைபொருள்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் வலையாகப் பின்னிக்கொள்வதே இதற்குக் காரணம் என 2008-இல் மூலக்கூறுக் கணினி உருவகங்கள் காட்டின.

கட்டுப்படுத்தும் வழிகள்: நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஜோன் பிரென்னெக் குழுவினர் 2010-இல், அத்தகைய வலைக்கு வேண்டிய ஹைட்ரஜனைத் தராத, நைட்ரஜன் வளையமுள்ள எதிரயனிகளைப் பயன்படுத்தினர். இவை ஒரு மோலுக்கு ஏறத்தாழ ஒரு மோல் வாயுவை ஏற்றும் பெரிதாக இறுகுவதில்லை. பக்கச் சங்கிலியில் ஈதர் தொகுதி சேர்த்தல், நீரோ கரைப்பானோ கலத்தல், வெப்பநிலையை உயர்த்தல் ஆகியவையும் கைகொடுக்கும். ஆனால் நீர் கலந்தால், வாயுவை வெளியேற்றித் திரவத்தை மீட்கும்போது அந்த நீரைச் சூடாக்கவும் ஆற்றல் வேண்டும். வெப்பம் ஏறினால் உறிஞ்சும் அளவு குறையும்.