"அந்த ஆளோட கதைக்க ஏலா": கடுமையானவர்களுடன் பேசும் முறை

படுவான்கரை, எழுவான்கரை இரண்டிலும் ஊருக்கொருவர் இப்படிப் பெயர் வாங்கியிருக்கிறார். சின்ன விடயத்துக்கும் பாய்வார், இல்லையென்றால் வாயே திறக்கமாட்டார். எல்லோரும் பிறவிக் கோபக்காரர் அல்லர். அடிக்கடி எரிச்சல்படுவதும், திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் போரின் மனவடுவாக இருக்கலாம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்படியானவர்களிடம் போகுமுன் நான் முதலில் பார்ப்பது நாட்காட்டியை. 1990 செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான், 1991 ஜூன் 12 மகிழடித்தீவு, 2004 டிசம்பர் 26 சுனாமி. இந்த நாட்கள் நெருங்கும்போது உறவை இழந்த வீடுகளில் பேச்சு சூடாகும். பிள்ளையைக் கூட்டிச்சென்ற நாள் என்று ஒரு தாய்க்குத் தனியாகவும் ஒரு நாள் இருக்கும். வேலிப் பிரச்சினையையும் கடன் பாக்கியையும் அந்தக் கிழமையில் எடுக்காதீர்கள்.

பேசும்போது பின்னாலிருந்து கூப்பிடாமல், முகம் தெரிய முன்னால் நில்லுங்கள். மாமா, பெரியம்மா என்று முறை சொல்லி, தாழ்ந்த குரலில், ஒரு விடயத்தை மட்டும் கதையுங்கள். அவர் குரல் உயர்ந்தால் நியாயம் கேட்காதீர்கள். "சரி மாமா, மறுகா கதைப்பம்" என்று சொல்லி எழும்புங்கள். சொன்னபடி திரும்பிப் போவது முக்கியம்.

இரண்டு வசனங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, "எங்களுக்கும்தானே நடந்தது". மற்றது, "மறந்திட்டு வாழப் பாருங்க". காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் உடலும் இல்லை, பதிலும் இல்லை. முடியாத ஒன்றை எப்படி மறப்பது? நடந்ததைச் சொல்லச் சொல்லித் தூண்டவும் வேண்டாம். அவராகச் சொன்னால் இடைமறிக்காமல் கேட்டால் போதும்.

ஆனால் விளங்கிக்கொள்வது வேறு, அடியைப் பொறுத்துக்கொள்வது வேறு. "சண்டையில பட்ட ஆள், பொறுத்துப் போ பிள்ளை" என்று மனைவியிடம் சொல்வது அவளைத் தனியே விடுவதாகும். கை நீளும் இடத்தில் பேச்சு முறை உதவாது. அவள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம், மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தை நாடலாம். நித்திரையின்மை, தொடர் குடி, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் மனநல உதவிக்கு 1926 இருக்கிறது.

பேச்சை நிறுத்திவிட்டால், அவருக்கு உதவி தேவைப்படும் நாளில் அதை அறிய ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே பதில் வராவிட்டாலும், படலையடியில் நின்று ஒரு தரம் சுகம் விசாரியுங்கள்.