சாக்கடைக்குப் போன மருந்து



சீழ் பிடித்த புண்ணுக்கு டாக்டர் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கிறார். நாமும் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறோம். புண் ஆறுகிறது. உள்ளே போன மருந்து பிறகு என்ன ஆயிற்று என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இங்கிலாந்துப் போலீஸ்காரர் ஒருவரின் கதைக்குப் போய்ச் சேருவோம்.

அது 1941ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஜப்பானியப் படை மலாயாவில் கால் வைக்க இன்னும் பத்து மாதம் இருந்தது. இங்கிலாந்தில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலர் ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் சாகக் கிடந்தார். முகத்தில் ஏற்பட்ட சிறு காயத்தில் கிருமி புகுந்து உடம்பெங்கும் பரவிவிட்டது. ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். ரோஜாச் செடியின் முள் கீறிய காயம் அது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். விமானக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்று பின்னாளில் சொன்னார்கள். எப்படியோ, கீறல் சிறியது. வந்த ஆபத்து பெரியது.

பிளெமிங் 1928ல் கண்டறிந்த பெனிசிலினை, ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அப்போதுதான் ஆக்ஸ்போர்டில் மருந்தாக வடித்தெடுத்திருந்தார்கள். பூஞ்சணத்தை வளர்க்கப் போதிய பாத்திரம்கூட இல்லை; நோயாளிகளுக்கு வைக்கும் மலத்தட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். பிப்ரவரி 12ஆம் நாள் அந்த மருந்தை ஊசி வழியாக அலெக்சாண்டருக்குச் செலுத்தினார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. அவர் சாப்பிடத் தொடங்கினார். ஆனால், கையிருப்பில் இருந்த மருந்தோ மிகக் கொஞ்சம்.

உடம்புக்குள் போகும் பெனிசிலினில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே மாறாமல் சிறுநீரோடு வெளியே வந்துவிடும். ஆகவே, அவருடைய சிறுநீரைச் சேகரித்துச் சைக்கிளில் ஏற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள். அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்து போனார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிறுநீர் என்றதும் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அப்படியென்றால் இப்போது அந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது, ஐயா?" என்று கேட்டாள். அன்று நாம் சட்டென்று பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

போகும் இடம் சாக்கடைதான். மனிதர் உடம்பிலிருந்தும், பண்ணைக் கோழி, பன்றிகளிடமிருந்தும் மருந்தின் மிச்சம் கழிவு நீரில் கலக்கிறது. அதே கழிவு நீரில் பல்லாயிரம் பேர் குடலிலிருந்து வந்த பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மருந்துக்கு அஞ்சும் கிருமி சாகும். அஞ்சாத கிருமி அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டு பெருகும். மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று 1945ல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே பிளெமிங் எச்சரித்தார்.

ஆனால், அவர் அறியாத ஒன்று ஜப்பானில் வெளிப்பட்டது. 1950களில் அங்கே சீதபேதிக் கிருமிகள் நான்கு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் அடங்காமல் போயின. ஒவ்வொரு மருந்தாகப் பழகி அப்படி ஆக எவ்வளவு காலம் பிடிக்கும்! ஒச்சியாய், அகிபா என்ற ஆய்வாளர்கள் 1959ல் விடையைக் கண்டார்கள். அந்த ஆற்றலை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்குக்கூடக் கொடுத்துவிடுகிறது. லயத்தில் ஒரு வீட்டில் வெட்டிய திருட்டுச் சாவியை வீடு வீடாகப் படியெடுத்துக் கொடுப்பது போன்ற காரியம் இது. பலவகைக் கிருமிகள் நெருங்கிக் கிடக்கும் சாக்கடையைவிட இதற்கு வசதியான இடம் எது?

வீட்டுச் சாக்கடையில் இருக்கும் மருந்து மிகக் கொஞ்சம். தொழிற்சாலைக் கழிவின் கதை வேறு. இந்தியாவில் ஐதராபாத் அருகே பட்டஞ்செரு என்ற ஊர் இருக்கிறது. உலகமெங்கும் விற்பனைக்குப் போகும் மருந்துகளுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலைகள் அங்கே பெருகின. ஓடைகள் கெட்டுப்போனதால் 1990ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லார்சன் குழுவினர், சுமார் 90 ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்தார்கள். சுத்திகரித்த பிறகு வரும் நீர் என்பதைக் கவனியுங்கள். அதில் சிப்ரோபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது. ஒரே நாளில் வெளியேறிய அளவு 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணினால் 90,000 மாத்திரை. அத்தனையும் ஓடையில் இறங்கி, மஞ்சீரா நதி வழியாகக் கோதாவரியை நோக்கிப் போயிற்று.

அடுத்த வாரம் சுவரில் தொங்கும் வரைபடத்தில் இந்த வழியைக் காட்டியபோது, "அங்கே கிணறு இருக்குமா, ஐயா?" என்று அதே மாணவி கேட்டாள். இருந்தது. 2009ல் வெளியான ஆய்வில், சுற்றியுள்ள ஏரிகளிலும் கிராமத்துக் கிணறுகளிலும் மருந்துகள் கலந்திருந்தது தெரிந்தது. மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது என்று ஊரெல்லாம் மகிழ்கிறோம். மீதி விலையை அந்தக் கிராமத்தார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டு மருந்துக்கடைகளிலும் இந்திய மருந்துகள் விற்கின்றன என்பதால், இதை வேற்றூர்க் கதை என்று நாம் ஒதுக்க முடியாது.

ஆலைக் கழிவில் கிருமிக்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்ட 2020ல் இந்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. 2021ல் இறுதி விதி வந்தபோது அந்த வரம்பு அதில் இல்லை. நமக்கு இது பெரிய ஏமாற்றமே. உலகச் சுகாதார நிறுவனம் 2024ல்தான் இத்தகைய ஆலைகளுக்கு வழிகாட்டு நூல் வெளியிட்டது. அதுவும் சட்டம் அன்று.

மலேசியாவிலும் ஒரு காரியம் நடந்தது. கொலிஸ்டின் என்பது வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து. அதையே கால்நடைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். அதற்கு அடங்காத ஆற்றலும் கிருமிக்குக் கிருமி கைமாறுகிறது என்று 2015ல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2019 ஜனவரி முதல் நம் நாட்டில் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பது தடை செய்யப்பட்டது.

நம் வீடுகளில் நடப்பதையும் சொல்லிவிடுவோம். கேப்சூலைப் பிரித்து அந்தத் தூளைப் புண்ணில் தூவும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது; நாமும் சிறுவயதில் முழங்காலைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள்தாம். இரண்டு நாளில் குணம் கண்டதும் மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்து, பின்பு ஒருநாள் கால்வாயில் கொட்டுவதும் உண்டு. அப்படி மிஞ்சியதை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பையில் எடுத்துப் போங்கள்.