சிக்கோ ஆறும் ஒரு மலிவுப் பயணமும்

பயணம் கிளம்பும் முன் எக்ஸெல் ஷீட் போடுகிற ஜாதி நான். பஸ், தங்கும் இடம், சாப்பாடு, "இதர" என்று நான்கு பத்தி. பிலிப்பைன்ஸுக்குப் போகிற பெரும்பாலானோர் கடற்கரைத் தீவுகளுக்குப் போவார்கள். அதற்கு என் ஷீட் ஒத்துழைக்கவில்லை. மணிலாவிலிருந்து லூசோன் தீவின் வடக்கே இரவு பஸ் பிடித்து, விடிந்து வெகுநேரம் கழித்து தபுக்கில் இறங்கினேன். கலிங்கா மாகாணத்தின் தலைநகரம் அது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம். நகரம் என்று பெயர், ஆனால் பத்து நிமிடம் நடந்தால் வயல்.

கலிங்கா என்றதும் பரணி ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுற்றுவட்டாரச் சமவெளி மொழிகளில் அந்தச் சொல்லுக்குப் பகைவன், தலைவெட்டி என்று பொருள் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் பயந்துபோய் வைத்த பெயரை இவர்கள் தங்கள் பெயராகவே வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

நான் போனது ராஃப்டிங்குக்காக. சிக்கோ ஆறு தபுக்குக்கு மேலே மலைகளுக்கு நடுவில், பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு இறங்கி வருகிறது. ஒரு படகுக்கு இவ்வளவு என்று விலை, ஏறுகிற ஆட்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தனியாகப் போனவன் ஒரு கல்லூரிக் கும்பலோடு ஒட்டிக்கொண்டேன். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், கையில் துடுப்பு. முதல் பாய்ச்சலிலேயே மூக்கில் தண்ணீர் ஏறி, "அம்மா" என்று தமிழில் கத்தினேன்.

தண்ணீர் கொஞ்சம் அமைதியான இடத்தில், படகை நடத்திய மனோங் (இலோகானோவில் அண்ணன்) என்னிடம் கேட்டார்: "சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"இன்ஜினியர், மனோங்."

அவர் சிரித்தார். "எங்க ஊருக்கு முன்னாடியும் இன்ஜினியருங்க வந்தாங்க. அவங்க நினைச்சது நடந்திருந்தா இன்னைக்கு இங்க படகு இருந்திருக்கும். ஆனா துடுப்பு வேண்டியிருக்காது. ஏரி."

ராஃப்டிங் முடிந்த பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. திரும்பி வந்து படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

*

நீர்மின்சாரத்தின் கணக்கு எளிமையானது. எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, இரண்டையும் பெருக்க வேண்டும். சாய்வு அதிகமான ஆறு, பொறியாளர் கண்ணுக்கு மெகாவாட். அதே சாய்வுதான் ராஃப்டிங் போகிறவனுக்கு நுரையும் கூச்சலும். நான் காசு கொடுத்துச் சறுக்கிய அதே உயர வித்தியாசத்தைத்தான் 1973-இல் ஒரு திட்ட அறிக்கை அளந்து வைத்திருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1972 செப்டம்பரில், ஃபெர்டினான்ட் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்திருந்தார். 1973 கடைசியில் எண்ணெய் விலை எகிறியது. இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த நாட்டுக்கு ஆறுகள் திடீரென்று பொக்கிஷமாகத் தெரிந்தன. லாமையர் என்ற ஜெர்மன் ஆலோசனை நிறுவனம் பங்கேற்ற ஆய்வு, சிக்கோவில் நான்கு அணைகளைப் பரிந்துரைத்தது. மேலிருந்து கீழே சபாங்கான், சடாங்கா, பசாவ், தோமியாங்கன். நான்கும் சேர்ந்து 1,010 மெகாவாட். கட்ட வேண்டியது தேசிய மின் கழகம், பணத்துக்கு உலக வங்கி.

என் தொழிலில் இப்படிப்பட்ட ஆவணங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கும். கூட்டல் தப்பாது. ஆனால் யாரைக் கேட்டிருக்க வேண்டுமோ அவர்களுக்கு அதில் ஒரு பத்தி இருக்காது. ஆற்றின் இரு கரையிலும் போன்டோக், கலிங்கா மக்களின் ஊர்களும் படிப்படியான நெல்வயல்களும் இருந்தன. கலிங்காக்கள் இறந்தவர்களை வீட்டை ஒட்டிப் புதைப்பவர்கள். வெள்ளம் சூழ்ந்தால் வயலும் வீடும் தாத்தாவும் சேர்ந்து மூழ்குவார்கள். நில அளவையாளர்கள் கருவிகளோடு வந்து இறங்கிய பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் கற்பனை அல்ல. தெற்கே பெங்கேட் மாகாணத்தில் ஆக்னோ ஆற்றின் குறுக்கே 1956-இல் அம்புக்லாவ் அணையும் 1960-இல் பிங்கா அணையும் திறக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து கிளப்பப்பட்ட இபலோய் மக்கள் நஷ்டஈட்டுக்கு அலைந்துகொண்டிருந்த கதை மலைமுழுக்கத் தெரியும். மின்சாரம் மணிலாவுக்கும் சுரங்கங்களுக்கும் போனது.

*

ஊர்களை ஒன்று சேர்ப்பதுதான் கஷ்டம். இவர்கள் காலங்காலமாக ஒருவரோடொருவர் சண்டையிட்டவர்கள். ஒரு கொலைக்கு இன்னொரு கொலை என்று தலைமுறை தாண்டி நீளும் பகை. அதைக் கட்டுக்குள் வைக்க அவர்களே உண்டாக்கிய ஏற்பாடு போடோங். இரண்டு குழுக்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம், அதைக் காக்க இரு பக்கமும் பொறுப்பாளர்கள், மீறினால் என்ன தண்டம் என்ற விதிகள். எப்போதும் இரண்டு தரப்புக்கு இடையில்தான்.

அணை அந்த வடிவத்தை மாற்றியது. 1975 மே மாதம் போன்டோக்கில் பிறந்த பிஷப் ஃபிரான்சிஸ்கோ கிளேவர் போன்றவர்களின் துணையோடு, போன்டோக், கலிங்கா தலைவர்கள் கேசோன் நகரில் கூடி, பல குழுக்களுக்கும் பொதுவான ஒரு போடோங் செய்துகொண்டார்கள். யாரும் அணை வேலைக்குப் போகக் கூடாது. எதிர்ப்பில் ஒருவர் செத்தால், கொன்றவனின் ஊர்மேல் பழிவாங்கக் கிளம்பக் கூடாது. அரசாங்கம் ஊர்களைப் பிரித்து மோதவிடும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிய விதிகள் அவை.

இதற்கெல்லாம் முன்பே களத்தில் இறங்கியவர்கள் பெண்கள். அளவையாளர்களின் கூடாரங்களைப் பிடுங்கினார்கள். சில இடங்களில் மேலாடையைக் களைந்து வீரர்கள்முன் நின்றார்கள். தாய் வயதுப் பெண்ணின் உடலைப் பார்ப்பது அந்தப் பண்பாட்டில் பார்ப்பவனுக்குச் சாபம். துப்பாக்கி வைத்திருந்தவன் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

போன்டோக் பக்கம் எதிர்ப்பு பலமானதும், கவனம் கீழே கலிங்காவில் இருந்த நான்காம் அணைக்குத் திரும்பியது. சமாதானம் பேச அரசு அனுப்பியவர் மானுவேல் எலிசால்டே. சிறுபான்மைப் பழங்குடிகளுக்கான பனாமின் அமைப்பின் தலைவர், பெரும் பணக்காரக் குடும்பம். 1971-இல் 'கற்காலத்தில் வாழும்' தசதாய் மக்களைக் கண்டுபிடித்ததாக உலகுக்கு அறிவித்து, பின்னால் பெரிய சர்ச்சையில் சிக்கியவரும் இவர்தான். ஊர்த்தலைவர்களை மணிலாவுக்குக் கூட்டிப்போய் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கலிங்காக்கள் குற்றம் சாட்டினார்கள்.

*

இந்த இடத்தில் மக்லிங் துலாக் வருகிறார். திங்லாயனில் உள்ள புக்னாய் ஊர்க்காரர், புட்புட் குழுவின் பங்காத். பங்காத் என்றால் தேர்தலில் வருகிற பதவி அல்ல. வழக்குத் தீர்க்கத் தெரிந்தவர் என்று ஊர் மெல்ல மெல்ல ஒப்புக்கொள்கிற பெரியவர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவராகவும் இருந்தார். பிழைப்புக்கு விவசாயமும் சாலைப் பராமரிப்புக் கூலி வேலையும். பள்ளிப்படிப்பு கிடையாது.

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று. எலிசால்டே ஓர் உறையை நீட்டினாராம். மக்லிங் அதைத் திறக்கவேயில்லை. உறைக்குள் கடிதம் இருக்கலாம், இல்லாவிட்டால் பணம் இருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது, விற்க என்னிடம் எதுவும் இல்லை, ஆகவே இது எனக்கு வந்ததாக இருக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நிலத்தைப் பற்றி அவர் பேசியதாக நினைவுகூரப்படுவதும் இதே தொனிதான். பட்டா எங்கே என்று அரசு கேட்டது. நமக்குப் பின்னும் இருக்கப்போகிற ஒன்றை நாம் எப்படிச் சொந்தம் கொண்டாடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். கவித்துவமாகத் தெரியலாம், ஆனால் அது ஒரு சட்ட வாதம். விற்பவன் உரிமையாளனாக இருக்க வேண்டும். நாங்கள் உரிமையாளர்கள் இல்லை, காவல்காரர்கள். எனவே விற்பனை செல்லாது.

1980 ஏப்ரல் 24 இரவு ராணுவ வீரர்கள் புக்னாய்க்கு வந்தார்கள். மக்லிங் வீட்டுக் கதவின் வழியாகச் சுட்டார்கள். அவர் அங்கேயே இறந்தார். இன்னொரு போராட்டக்காரரான பெட்ரோ துங்கோக்கையும் அதே இரவில் குறிவைத்தார்கள், அவர் தப்பினார். கதவில் குண்டுகள் துளைத்த தடம் இருந்தது. அதை யாராலும் மறைக்க முடியவில்லை. பின்னால் ராணுவ நீதிமன்றமே ஒரு லெப்டினன்ட்டைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டிவந்தது.

அணைக்கு இருந்த ஒரு தடை நீங்கிவிட்டது என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கூட்டல் தப்பாகிப் போனது. செரெஸ் டோயோ என்ற பத்திரிகையாளர் மலைக்குப் போய் விசாரித்து, 1980 ஜூனில் பானரோமா இதழில் எழுதினார். ராணுவச் சட்டக் காலம், ராணுவம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆனால் செய்தி வெளியே போய்விட்டது. கொலைக்குப் பின் எதிர்ப்பு இன்னும் இறுகியது. உலக வங்கி விலகிக்கொண்டது. திட்டம் கிடப்பில் விழுந்தது, 1986-இல் மார்கோஸ் வீழ்ந்து கொரசோன் அகினோ வந்தபின் முழுவதுமாகக் கைவிடப்பட்டது.

1982-இல் உலக வங்கி, தன் பணத்தில் நடக்கும் திட்டங்களில் பழங்குடி மக்களை எப்படி நடத்த வேண்டும் என்று முதல் கொள்கை வகுத்தது. அதற்குப் பின்னணியில் இருந்தவற்றில் சிக்கோவும் ஒன்று. பத்து வருஷம் கழித்து, 1992-இல், நம் நர்மதையின் சர்தார் சரோவர் அணையை ஆராய்ந்த மோர்ஸ் குழு, வங்கியை அதன் சொந்தப் பழங்குடிக் கொள்கையை வைத்தே கேள்வி கேட்டது. புக்னாயில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் போட்ட முட்டுக்கட்டை, இன்னொரு நாட்டு ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு பிடிமானம் ஆனது.

*

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் தபுக்கில் காலையில் நடந்தால் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. சுற்றி எங்கு பார்த்தாலும் நெல், நடுவே கால்வாய்கள். கொர்டில்லெரா மலைப்பகுதியின் நெற்களஞ்சியம் என்று இந்தச் சமவெளியைச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் சிக்கோவிலிருந்துதான் வருகிறது, அந்தப் பாசனத் திட்டத்துக்குப் பணம் தந்ததும் உலக வங்கிதான். ஆற்றை யாரும் தொடவே கூடாது என்பதல்ல பிரச்சினை. தண்ணீரைத் திருப்புவது ஒன்று, ஊரையே மூழ்கடிப்பது வேறு.

போராட்டமும் கைபடாமல் முடியவில்லை. புதிய மக்கள் படை என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மலைக்குள் வேரூன்ற அணையும் ராணுவமும் வழி செய்தன. துங்கோக் பிறகு அவர்களோடு சேர்ந்தார், 1985-இல் இறந்தார். பாதிரியாராக இருந்து கெரில்லாவாக மாறிய கொன்ராடோ பால்வெக், 1986-இல் அவர்களிடமிருந்து பிரிந்து தனிப்படை கட்டி அகினோவோடு சமாதானம் செய்துகொண்டார், 1999-இன் கடைசி நாளில் பழைய தோழர்களால் கொல்லப்பட்டார். அணை வரவில்லை, ஆனால் ரத்தம் வந்தது.

நினைவும் நிம்மதியாக இல்லை. ஏப்ரல் 24-ஐ கொர்டில்லெரா தினமாக ஆண்டுதோறும் அனுசரிக்கிறார்கள். 2017-இல் அதே நாளில் புக்னாயின் சாலையோரம் மக்லிங், துங்கோக் உள்ளிட்ட மூவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. சாலைக்கான இடத்தில் இருக்கிறது என்று காரணம் சொல்லப்பட்டு, 2021 ஜனவரியில் அகற்றப்பட்டது. வாழ்நாளெல்லாம் சாலை செப்பனிட்ட மனிதர் சாலைக்கு இடைஞ்சலாம்!

*

ராஃப்டிங் முடிந்த மறுநாள் தபுக்கிலிருந்து போன்டோக் பக்கம் போகும் ஜீப்னியில் ஏறினேன். ஆற்றை விட்டுப் பிரியாத மலைச்சாலை. என்னோடு வந்த வெளியூர்க்காரர்கள் பலரும் திங்லாயனில் இறங்கி புஸ்காலன் ஊருக்கு நடப்பவர்கள். முள்ளாலும் கரியாலும் பச்சை குத்தும் வாங்-ஓட் பாட்டி அங்கேதான் இருக்கிறார். 2023-இல், 106 வயதில், வோக் பிலிப்பைன்ஸ் அட்டையில் வந்தவர். அவரும் புட்புட்தான், மக்லிங்கின் ஆட்கள். பாட்டியைத் தெரிந்த அளவுக்கு மக்லிங்கை யாருக்கும் தெரியவில்லை. எனக்கே மனோங் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

சாலை ஒரு திருப்பத்தில் உயர்ந்தபோது கீழே ஆறு தெரிந்தது. வெளுத்த பாறைகள், நடுவில் பச்சைத் தண்ணீர், கரையில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். எந்த உயரம்வரை தண்ணீர் நின்றிருக்கும் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. இன்ஜினியர் புத்தி.

ஊருக்கு வந்து ஷீட்டை முடித்தேன். நான் போன பயணங்களிலேயே குறைவான தொகை. நண்பர்கள் கேட்டபோது "செம மலிவு, போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். கூடவே ஒன்று: திங்லாயன் போகிற வழியில் புக்னாய் என்று பலகை வரும். அங்கே பார்க்க இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கான காசை அவர்கள் முன்னாலேயே கட்டிவிட்டார்கள்.