இராமாயண அனிமே: எந்தப் பதிப்பு?



"இராமாயணக் கார்ட்டூன் படத்தில் எந்த டிவிடியை வாங்கலாம்?" என்று பொங்கோலில் என் மாணவி ஒருத்தியின் தாயார் வினவினார். விடை அப்படத்தின் வரலாற்றிலேயே உள்ளது.

1983இல் அலகாபாத் பகுதி அகழாய்வு பற்றிய ஆவணப்படப் பணியின்போது இராமாயணத்தை அறிந்தவர், ஜப்பானியரான யூகோ சாக்கோ. இந்திய ஓவியக் கலைஞர் ராம் மோகனுடனும் கொய்ச்சி சசாக்கியுடனும் இணைந்து 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படத்தை அவர் உருவாக்கினார். கையால் வரையப்பட்ட அப்படம் 1993 சனவரியில் இந்திய அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதன் நீளம் 135 நிமிடங்கள்.

பின்னர் அமெரிக்காவில் 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' என்ற பெயரில் வெளிவந்த வடிவம் ஏறத்தாழ 40 நிமிடங்கள் குறைந்தது. அதையே முழுப்படமென்று எண்ணி நானும் ஒருமுறை வகுப்பில் காட்டிவிட்டேன்! ஆகவே படத்தின் தெளிவைப் பார்க்குமுன் அட்டையிலுள்ள நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

2025 சனவரியில் இந்தியத் திரையரங்குகளில் 4கே தரத்தில் இப்படம் தமிழிலும் வெளியானது. தமிழொலி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிடில் முழு ஆங்கில வடிவத்தைக் காட்டி, கதையைப் பிள்ளைகள் தமிழில் சொல்லக் கேட்போம்.